எந்த மாதம் என்பதைவிட எந்த மணி

ஒரு நகரத்தின் பெயரைப் போட்டு ‘எந்த மாதம் போகலாம்’ என்று தேடினால் பத்து இடத்திலும் ஏறக்குறைய ஒரே பதில் வரும். வசந்தத்தில் இரண்டு மாதம், இலையுதிர் காலத்தில் இரண்டு மாதம். பதிலில் தப்பில்லை. ஆனால் அந்த மாதங்களில் லீவு கிடைக்க வேண்டுமே! பள்ளி விடுமுறை, அலுவலக விடுப்பு, விமானக் கட்டணம் மூன்றும் சேர்ந்து நம்மைப் பெரும்பாலும் பட்டியலில் இல்லாத ஒரு மாதத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தும். அப்போது கைகொடுப்பது மாதப் பட்டியல் இல்லை. அந்த ஊரில், அந்த மாதத்தில், ஒரு நாள் எப்படி விடிந்து எப்படி முடிகிறது என்பதுதான் தெரியவேண்டும். மழை காலையில் வருமா, மாலையில் வருமா? வெயில் எத்தனை மணிக்கு உச்சிக்குப் போகிறது? இருட்டுவது எப்போது? இவ்வளவு தெரிந்தால் ‘மோசமான’ மாதத்திலும் ஒரு நகரத்தைத் திருப்தியாகப் பார்த்துவிட்டு வரலாம்.

முதலில் எண்களைப் படிக்கும் விதம். உலக வானிலை அமைப்பின் வழக்கப்படி காலநிலைச் சராசரி என்பது 30 ஆண்டுக் கணக்கு. இப்போது நடப்பில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலானது. ஆனால் பயணத் தளங்கள் பலவற்றில் இன்னமும் பழைய 1961–1990 கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பிய நகரங்களின் கோடையை எடுத்துக்கொண்டால் இந்த இரண்டு கணக்குக்கும் இடையே ஒரு டிகிரிக்கு மேலேயே வித்தியாசம் வரும். எனவே அட்டவணையின் அடியில் எந்த ஆண்டுகள் என்று போட்டிருக்கிறதா எனப் பார்க்கவேண்டும். போடாத அட்டவணையை ஒதுக்கிவிடலாம். உலக வானிலை அமைப்பின் ‘உலக வானிலைத் தகவல் சேவை’ தளத்தில் அந்தந்த நாட்டு வானிலைத் துறையே கொடுத்த எண்கள் இருக்கின்றன. பார்க்க அழகாக இருக்காது; ஆனால் எண் எங்கிருந்து வந்தது என்பது தெளிவு.

சராசரி சரியாகவே இருந்தாலும் அதை வைத்துப் பெட்டி கட்டினால் மாட்டிக்கொள்வோம். பாரிஸில் ஜூலை மாதத்துச் சராசரிப் பகல் வெப்பம் 25, 26 டிகிரி. கேட்க இதமாக இருக்கிறது. அதே பாரிஸில் 2019 ஜூலை 25 அன்று 42.6 டிகிரி பதிவானது. அது சாதனை அளவு, தினமும் அப்படி இருக்காது என்பது உண்மைதான். ஆனால் 25 என்ற சராசரி உருவாவது 20 டிகிரி மேகமூட்ட நாள்களும் 33 டிகிரி வெயில் நாள்களும் கலந்துதான். நாம் போகும் ஐந்து நாளும் ஒரே பக்கம் விழ வாய்ப்பு அதிகம், ஏனென்றால் வானிலை கொத்துக் கொத்தாக வரும். இன்று வெப்ப அலை என்றால் நாளையும் அநேகமாக அதுதான். பாரிஸில் பழைய கட்டடங்களில் இருக்கும் சின்ன ஓட்டல்கள் பலவற்றில் ஏசி கிடையாது. துத்தநாகத் தகடு வேய்ந்த கூரைக்கு நேர்கீழே இருக்கும் மேல்மாடி அறை, வெப்ப அலையில் இரவு முழுக்கச் சுடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே அறை எடுப்பவர் சராசரியைப் பார்க்காமல் ஏசி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அட்டவணையில் ‘30 டிகிரிக்கு மேல் போன நாள்கள்’ என்று ஒரு வரிசை இருந்தால், சராசரியை விட அதைத்தான் முதலில் படிப்பேன்.

இன்னொரு சங்கதி. அட்டவணையில் உள்ள எண் பெரும்பாலும் விமான நிலையத்தில் அளந்தது. விமான நிலையம் ஊருக்கு வெளியே திறந்த வெளியில் இருக்கும். இரவில் சீக்கிரம் ஆறிவிடும். நகரத்தின் நடுவே கான்கிரீட்டும் தாரும் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் விட்டுக்கொண்டிருக்கும். காற்றில்லாத தெளிந்த இரவுகளில் இந்த வித்தியாசம் பல டிகிரிகள் வரை போகும். பகல் வெப்பம் ஊர்சுற்றலைத் தீர்மானிக்கிறது, இரவு வெப்பம் தூக்கத்தை. மூன்று இரவு தூங்கவில்லை என்றால் நான்காம் நாள் எந்த அரண்மனையும் ரசிக்காது.

அடுத்தது மழை. எல்லோரும் தவறாகப் படிக்கும் பகுதி இதுதான். லண்டன் என்றால் மழை ஊர் என்று பெயர். ஆனால் அங்கே ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் அளவில்தான். ரோமில் அதைவிட அதிகம், 800 அளவில். நியூயார்க்கில் லண்டனைப் போல இரண்டு மடங்கு. வித்தியாசம் நாள் எண்ணிக்கையில் இருக்கிறது. லண்டனில் ஆண்டுக்கு 110 நாள் அளவுக்கு மழை நாள், ஆனால் நாளுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர்தான். மும்பையின் சாந்தாகுரூஸில் ஜூலை ஒரே மாதத்தில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. லண்டனில் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். ஆகவே மாத மழை அளவை மழை நாள்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஐந்துக்குக் கீழே வந்தால் ஒரு கோட்டோடு சமாளிக்கலாம். பத்து, பதினைந்து என்றால் குடையும் காத்திருக்க ஓர் இடமும் வேண்டும். முப்பதைத் தாண்டினால் அன்றைக்குச் சாலையே ஓடாமல் போகலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளவேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘மழை நாள்’ என்பதற்கு நாட்டுக்கு நாடு அளவுகோல் வேறு. பல நாடுகளில் 1 மில்லிமீட்டர் பெய்தால் மழை நாள். அமெரிக்காவில் 0.01 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டர் போதும். இந்திய வானிலைத் துறைக்கு 2.5 மில்லிமீட்டர் வேண்டும். இரண்டு நாட்டு நகரங்களை அவரவர் அட்டவணையை வைத்து ஒப்பிட்டால் கணக்கு கோணலாகிவிடும்.

அளவும் நாள்களும் தெரிந்தபிறகு மிச்சமிருப்பது முக்கியமான கேள்வி: அது எந்த வகை மழை?

ஒன்று, வெயில் கிளப்பும் மழை. காலையில் வானம் தெளிவாக இருக்கும். தரை சூடேறி, ஈரக்காற்று மேலெழும்பி, பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு மேகம் கோபுரமாகக் குவியும். இடி மின்னலோடு ஒரு மணி, இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்க்கும். பிறகு ஓய்ந்துவிடும். மெக்சிகோ சிட்டியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் இதுதான் நடைமுறை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பல மாதங்களில் இப்படித்தான். இப்படிப்பட்ட ஊருக்கு ‘மழைக்காலம்’ என்று பயந்து போகாமல் இருப்பது வீண். காலை ஏழு மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்குள் திறந்தவெளி எல்லாவற்றையும் முடித்து, இரண்டு மணிக்குக் கூரைக்குக் கீழே போய்விட்டால் பெரும்பாலான நாள்களில் நனைய நேராது. மெக்சிகோ சிட்டியிலிருந்து தியோதிவாகான் பிரமிடுகளுக்குப் போகிறவர் காலை உணவுக்கு முன்பே புறப்பட வேண்டியதற்கு இதுதான் காரணம். மதியம் போனால் ஒதுங்க நிழல்கூட இல்லாத வெட்டவெளியில் மின்னல் நேரத்தில் மாட்டிக்கொள்வார். சிங்கப்பூரில் மட்டும் ஒரு விதிவிலக்கை நினைவில் வைக்கவேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரையில் சில நாள்களில் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து ஒரு சூறைமழை வரிசை வரும். அது விடியலுக்கு முன் தொடங்கி முற்பகல் வரை நீடிக்கும். காலையிலேயே இருட்டிக்கொண்டு காற்று அடித்தால் அதுதான். பெரும்பாலும் பிற்பகல் தெளிந்துவிடும், திட்டத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிக்கொள்ளலாம்.

இரண்டாவது, நின்று பெய்யும் மழை. வெப்பக் காற்றும் குளிர்காற்றும் முட்டிக்கொள்ளும் எல்லைக்கோடு ஓர் ஊரின் மேல் வாரக்கணக்கில் கிடக்கும். நாள் முழுக்க நசநசவென்று தூறும், நடுவே பலமாகப் பிடிக்கும். கிழக்காசியாவின் ஆரம்பக் கோடை இதுதான். டோக்கியோ பகுதியில் இந்தப் பருவம் சராசரியாக ஜூன் 7 வாக்கில் தொடங்கி ஜூலை 19 வாக்கில் முடிகிறது. சியோலில் ஜூன் கடைசி வாரத்திலிருந்து ஜூலை கடைசி வாரம் வரை. இங்கே ‘காலையில் முடித்துவிடலாம்’ என்ற தந்திரம் பலிக்காது, ஏனென்றால் மழைக்கு மணிக்கணக்கு இல்லை. செய்யக்கூடியது ஒன்றே. தங்கும் இடத்தை ரயில் நிலையத்தை ஒட்டியோ சுரங்கக் கடைவீதியோடு இணைந்தோ எடுத்து, நாளைக்கு ஒரே ஒரு திறந்தவெளி இடம் என்று குறைத்துக்கொள்வது. தோட்டங்களுக்கு இந்தத் தூறல் கெடுதல் இல்லை. மலைக்காட்சி, கோபுர உச்சி, படகுச் சவாரி ஆகியவற்றுக்குத்தான் கேடு.

மூன்றாவது புயல் மழை. இதைத் தவிர்ப்பதா ஏற்பதா என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துவிடவேண்டும். மேற்குப் பசிபிக் கரையோர நகரங்களில் ஜூலை முதல் அக்டோபர் வரை சூறாவளி அபாயம் உண்டு. ஹாங்காங்கில் 8ஆம் எண் எச்சரிக்கை ஏற்றினால் பள்ளிகளும் பெரும்பாலான அலுவலகங்களும் மூடப்படும். படகுகளும் பேருந்துகளும் படிப்படியாக நிற்கும். அந்த எச்சரிக்கைக்கு முன், இரண்டு மணி நேரத்துக்குள்ளாக ஒரு முன்னறிவிப்பு கொடுப்பார்கள். தூரத்துத் தீவில் இருந்தால் அந்த அறிவிப்பு வந்ததுமே திரும்பவேண்டும், 8 ஏறட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ஊரே ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பியிருக்கும். பயணக் காப்பீட்டை டிக்கெட் எடுத்த வாரத்திலேயே வாங்கிவிடவேண்டும். புயலுக்குப் பெயர் வைத்தபிறகு வாங்கும் பாலிசி அந்தப் புயலுக்குப் பணம் தராது. தெரிந்த அபாயம் என்று தள்ளிவிடுவார்கள்.

ஒரு நாடு முழுக்க ஒரே பருவம் என்று நினைப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. வியட்நாமில் ஹனோய்க்கு மே முதல் செப்டம்பர் வரை மழை, ஹோ சி மின் நகருக்கு மே முதல் நவம்பர் வரை. இரண்டுக்கும் நடுவே உள்ள டா நாங்கில் அந்தக் கோடை மாதங்கள் பெரும்பாலும் காய்ந்திருக்கும். அங்கே மழை கொட்டுவது செப்டம்பர் கடைசி முதல் டிசம்பர் வரை. மூன்றையும் ஒரே பயணத்தில் பார்ப்பவர் ‘வியட்நாமுக்கு நல்ல மாதம்’ என்று தேடினால் யாருடைய மாதத்தைச் சொல்வார்கள்? பிப்ரவரி கடைசி, மார்ச் மாதங்கள் மூன்றுக்கும் ஓரளவு ஒத்துவரும். ஹனோயில் மட்டும் மெல்லிய தூறலும் மூட்டமும் இருக்கும்.

இன்னும் சில ஊர்கள் மழை அட்டவணையை வைத்தே நம்மை ஏமாற்றும். லிமாவில் மழை என்பதே கிட்டத்தட்டக் கிடையாது. ஆனால் ஜூன் முதல் அக்டோபர் வரை வானம் சாம்பல் நிறத்தில் மூடிக்கிடக்கும், சூரியனைப் பார்ப்பது அரிது. சான் பிரான்சிஸ்கோவில் ஜூலையில் மழையே இல்லை, கலிஃபோர்னியாக் கோடை என்று அரைக்கால் சட்டையோடு இறங்குபவர்கள் முதல் நாளே ஸ்வெட்டர் வாங்குகிறார்கள். கரையோரக் குளிர்ந்த கடல்நீர் மேலே காற்றைக் குளிர்விக்க, உள்நாட்டு வெப்பம் அந்தக் காற்றை வளைகுடா வழியாக உள்ளே இழுக்க, கோடை முழுக்க மூடுபனி. பகல் அதிகபட்சம் 20 டிகிரி அளவில் நின்றுவிடும். அங்கே உண்மையான இளஞ்சூடு செப்டம்பரிலும் அக்டோபரிலும்தான். இவற்றைக் கண்டுபிடிக்க அட்டவணையில் ‘சூரிய ஒளி மணிகள்’ என்ற வரிசையைப் பார்க்கவேண்டும். நாளுக்கு மூன்று மணிக்குக் கீழே இருந்தால் மழை இல்லை என்ற செய்தியால் பெரிய லாபமில்லை.

இனி வெயில். வெப்பமானி காட்டும் எண் ஒன்று, உடம்புக்குத் தெரிவது வேறு. அதற்காகப் பலரும் ஈரப்பத சதவிகிதத்தைப் பார்ப்பார்கள். அது குழப்பும். காலையில் 25 டிகிரியில் 95 சதவிகிதம், பிற்பகலில் 32 டிகிரியில் 65 சதவிகிதம் என்றால் காற்று உலர்ந்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் இரண்டு வேளையிலும் காற்றில் இருக்கும் நீராவி ஏறக்குறைய ஒரே அளவுதான். பார்க்கவேண்டிய எண் பனிநிலை, அதாவது காற்று எத்தனை டிகிரிக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி துளியாகப் படியும் என்ற அளவு; ஆப்களில் ‘டியூ பாயிண்ட்’ என்று இருக்கும். 16 டிகிரிக்குக் கீழே என்றால் வியர்வை நன்றாகக் காயும். 20ஐத் தாண்டினால் பிசுபிசுப்பு. 24 என்றால் நிழலில் நின்றாலும் புழுக்கம்; சிங்கப்பூரில் ஆண்டு முழுக்க இதுதான் நிலவரம். கோடை மாட்ரிட்டில் 36 டிகிரி அடித்தாலும் பனிநிலை 10 அளவில்தான் இருக்கும், ஆகவே நிழலுக்குப் போனால் ஆறுதல் கிடைக்கும். புழுக்க ஊரில் நிழல் மட்டும் போதாது, ஏசி வேண்டும். 32 டிகிரியும் 70 சதவிகித ஈரப்பதமும் சேர்ந்தால் அமெரிக்க வானிலைச் சேவையின் வெப்பக் குறியீட்டுப்படி உடம்புக்கு 41 டிகிரி. அதுவும் நிழலில், நேர் வெயிலில் இன்னும் 8 டிகிரி வரை ஏறலாம்.

வெயிலுக்கும் மணிக்கணக்கு உண்டு, அது ஊருக்கு ஊர் மாறும். ஸ்பெயினின் கடிகாரம் சூரியனை விட்டு வெகுதூரம் முன்னால் ஓடுகிறது. செவியாவில் ஜூலையில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் இரண்டரை மணிக்கு. வெப்பம் உச்சத்தைத் தொடுவது மாலை ஐந்திலிருந்து ஏழு மணிக்குள். ‘வெயில் தாழ ஆறு மணிக்கு ஒரு நடை போகலாம்’ என்று அங்கே கிளம்புபவர் அடுப்பைத் திறந்து உள்ளே நுழைந்த மாதிரிதான். அங்கே சுற்றவேண்டியது காலை எட்டிலிருந்து பதினொன்றரை வரை, பிறகு இரவு ஒன்பதரைக்கு மேல். எந்த ஊருக்குப் போனாலும் சூரியன் உச்சியைத் தொடும் உள்ளூர் நேரத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், அதற்கு மூன்று நான்கு மணி நேரம் கழித்து மோசமான வேளை என்று தோராயமாகக் குறித்துக்கொள்ளலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12:30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கச் சட்டம் தடை விதிக்கிறது. சட்டமே தொழிலாளியை வெளியே நிறுத்தாதே என்று சொல்லும் நேரத்தில் சுற்றுலாப் பயணிக்கு என்ன வேலை?

உயரமான ஊர்களில் வேறு மாதிரி. மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று குளுகுளுவென்று இருப்பதால் வெயில் உறைக்காது, ஆனால் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவிகிதம் கூடும். நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் தொப்பி வேண்டும்.

குளிர்காலத்தில் தட்டுப்பாடு சூட்டுக்கு இல்லை, வெளிச்சத்துக்கு. டிசம்பர் நடுவில் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஸ்டாக்ஹோமில் மூன்று மணிக்கு முன்பே. பகல் பத்துக்குச் சாவகாசமாகக் காலை உணவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் பாதிப் பகல் போயிற்று. அங்கே வரிசை இதுதான்: ஒன்பதரை முதல் இரண்டரை வரை பாலங்கள், பூங்காக்கள், காட்சிக் கோபுரங்கள், இருட்டியபின் அருங்காட்சியகங்களும் கடைவீதிகளும். குளிரை உடைகளால் வெல்லலாம். சட்டைக்கு மேல் மெல்லிய கம்பளி, அதன்மேல் காற்று நுழையாத ஜாக்கெட். தடியான ஒற்றைக் கோட்டைவிட இது நல்லது. ஏனென்றால் கடைக்குள்ளும் ரயிலுக்குள்ளும் 22 டிகிரி ஹீட்டர் ஓடும், உள்ளே வியர்த்து வெளியே வந்தால் அந்த ஈரமே நடுக்கிவிடும். உள்சட்டை பருத்தியாக இருந்தால் இன்னும் மோசம், அது ஈரத்தை விடாது. காற்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும்: மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றடித்தால் முகத்துக்கு அது மைனஸ் 20. வழுக்கலைப் பொறுத்தவரை மைனஸ் 10ஐவிடப் பூஜ்யத்தை ஒட்டிய நாள்கள்தான் ஆபத்தானவை. பகலில் உருகிய பனி இரவில் கண்ணாடியாக உறைந்து, காலை நடைபாதையில் காத்திருக்கும். காலணிக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டையை அந்த ஊரிலேயே முதல் நாள் வாங்கிக்கொள்ளலாம்.

பருவத்தின் எல்லைத் தேதிகளைத் தேதிகளாக நம்பக்கூடாது. மும்பைக்குத் தென்மேற்குப் பருவமழை வந்துசேரும் வழக்கமான நாள் ஜூன் 11. 2023இல் அது வந்தது ஜூன் 25இல். 2025இல் மே 26இலேயே வந்துவிட்டது. கிட்டத்தட்ட ஒரு மாத இடைவெளி. டோக்கியோவில் செர்ரிப் பூ முதலில் மலர்ந்ததாக அறிவித்த நாள் 2023இல் மார்ச் 14, 2024இல் மார்ச் 29. பூ மலர்ந்து ஒரு வாரத்தில் முழுமை, இன்னொரு வாரத்தில் உதிர்வு. எனவே ஒரு பருவத்தைத் தவிர்க்க நினைப்பவர் அதன் சராசரி எல்லையிலிருந்து மூன்று வாரம் தள்ளியே தேதி போடவேண்டும். ‘மழைக்கு முந்தைய வாரம்’ என்று மலிவு டிக்கெட் எடுப்பது சூதாட்டம். ஒன்றைத் தேடிப் போகிறவருக்கு இன்னொரு வழி இருக்கிறது. பூவுக்காக ஜப்பான் போகிறவர் ஒரே நகரத்தில் ஏழு நாள் உட்காராமல், தெற்கே ஒன்று வடக்கே ஒன்று என்று இரண்டு ஊர்களைப் பயணத்தில் வைத்துக்கொண்டு, ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பிடித்தால், பூ முந்தினாலும் பிந்தினாலும் ஏதோ ஓர் ஊரில் பிடித்துவிடலாம்.

மழையும் வெயிலும் சரியாக இருந்து புகை கெடுக்கும் ஊர்களும் உண்டு. நவம்பர் தொடங்கியதும் டெல்லி, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சியாங் மாய். தாய்லாந்தின் ‘உலர்ந்த இனிய பருவம்’ என்று விளம்பரம் சொல்லும் மாதங்களின் பின்பாதிதான் வடக்கில் வயல்களும் காடுகளும் எரியும் காலம். காலநிலை அட்டவணையில் இதற்கு வரிசையே இருக்காது. போகும் மாதத்துக்குரிய பி.எம். 2.5 அளவை, அதாவது காற்றில் கலந்த நுண்துகளின் அளவை, முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தனியாகத் தேடிப் பார்ப்பது நல்லது. ஆஸ்துமா உள்ளவர், சின்னக் குழந்தையோடு போகிறவர் இதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

டிக்கெட் எடுத்தாயிற்று. இனி முன்னறிவிப்பு. எதை எப்போது பார்ப்பது என்பதில் ஒழுங்கு இல்லாவிட்டால் மனக்கலக்கம்தான் மிஞ்சும். அமெரிக்க அரசின் வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவா சொல்வதுபடி ஐந்து நாள் முன்னறிவிப்பு சுமார் 90 சதவிகிதம் சரியாக இருக்கிறது, ஏழு நாள் சுமார் 80 சதவிகிதம், பத்து நாளுக்கு மேல் போனால் பாதிதான். ஆக இருபது நாளுக்கு முன் ஆப் காட்டும் மேகப் படத்தைப் பார்த்துத் தேதியை மாற்றுவது வீண்வேலை. பத்து நாள் முன்பு பார்க்கவேண்டியது போக்கை மட்டும்: வழக்கத்தைவிடச் சூடா குளிரா, புயல் ஏதும் உருவாகிறதா. ஐந்து நாள் முன்பு பெட்டி கட்டலாம். முந்தின இரவு மறுநாளின் வரிசையை முடிவு செய்யலாம். அன்று காலை முதல் ரேடார் படம் போதும். அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு அதைவிட நல்ல சோதிடர் இல்லை.

மழை வாய்ப்பு 40 சதவிகிதம் என்றால் நாளில் 40 சதவிகித நேரம் மழை என்று அர்த்தம் இல்லை. நாம் நிற்கும் இடத்தில், அந்த நேர இடைவெளிக்குள், அளக்கத்தக்க மழை ஒருமுறையாவது விழ வாய்ப்பு பத்துக்கு நான்கு என்பதே பொருள். எவ்வளவு நேரம், எவ்வளவு பலம் என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. வெப்பமண்டல ஊர்களில் பத்து நாளுக்கும் வரிசையாக இடிமழைப் படம் போட்டிருக்கும். அதைப் பார்த்து டிக்கெட்டை ரத்து செய்பவர்கள் இருக்கிறார்கள். மணிவாரிப் பக்கத்தைத் திறந்தால் அத்தனை மழையும் பிற்பகல் மூன்றுக்கு மேல்தான் என்று தெரியும். மூன்று ஆப்களைப் பார்த்து மூன்றும் ஒன்றே சொல்கின்றன என்று மகிழ்வதிலும் பயனில்லை, மூன்றும் வானிலையைக் கணிக்கும் ஒரே கணினி மாதிரியிலிருந்து எடுத்திருக்கலாம். ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் மாதிரி ஆரம்ப நிலையைச் சற்றுச் சற்று மாற்றி 51 முறை ஓட்டிப் பார்க்கிறது. அந்த 51 முடிவுகளையும் கோடுகளாக வரைந்தால், அவை ஒட்டிப்போகிற நாள்வரை நம்பலாம், விசிறியாக விரியத் தொடங்கும் நாளிலிருந்து எந்த ஆப்பின் பேச்சும் ஊகம்.

நாள்களை அடுக்கும் விதத்துக்கு வருவோம். பலரும் ‘முதல் நாள் இது, இரண்டாம் நாள் அது’ என்று தேதிவாரியாக எழுதிவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக இடங்களை வானத்துக்கு ஏற்றபடி பிரித்து எழுதவேண்டும்: தெளிந்த வானம் தேவைப்படுபவை, தூறினாலும் பரவாயில்லாதவை, கூரைக்குக் கீழே உள்ளவை. தெளிந்த வானம் கேட்கும் இடங்களை முதலில் கிடைக்கும் நல்ல நாளிலேயே முடித்துவிடவேண்டும், கடைசி நாளுக்குச் சேமிக்கக் கூடாது. கேப் டவுனில் டேபிள் மலைக்குப் போகும் கேபிள் கார் பலத்த காற்றில் நிறுத்தப்படும், கோடையில் அங்கே தென்கிழக்குக் காற்று அடிக்கடி விசிறியடிக்கும். வானம் நீலமாக இருந்தாலும் கார் ஓடாது. வந்து இறங்கிய நாளே ஓடுகிறது என்றால் பெட்டியை அறையில் போட்டுவிட்டு மலைக்குப் போவதுதான் சரி.

ஒவ்வொரு திறந்தவெளி இடத்துக்கும் பதினைந்து நிமிட நடையில் ஒரு கூரை இடத்தை ஜோடி சேர்த்து வைப்பது பெரிய உதவி. மழை பிடித்ததும் ஊரின் மறுகோடிக்கு ஓடுவதில்தான் நேரமும் துணியும் வீணாகின்றன. ஜோடி சேர்க்கும்போது மூடும் நாளைப் பார்க்க மறக்கக் கூடாது. பல ஊர்களில் அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை, லூவ்ருக்குச் செவ்வாய். மழை நாளுக்கென்று ஒதுக்கிய இடம் மழை நாளன்று பூட்டியிருப்பது அடிக்கடி நடக்கிற கூத்து. நேரம் குறித்த டிக்கெட்டுகளை உள்ளரங்க இடங்களுக்கு முன்கூட்டியே எடுக்கலாம். கோபுர உச்சி, படகு, கேபிள் கார் போன்றவற்றுக்குத் தேதி மாற்ற அனுமதிக்கும் டிக்கெட் கொஞ்சம் கூடுதல் விலையானாலும் அதுவே லாபம்.

பெட்டியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. புழுக்க ஊர் மழைக்குக் குடை, காற்று ஊர் மழைக்குக் கோட்டு. மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டும் காற்றில் சாதாரண மடக்குக் குடை மல்லாந்துவிடும், உயரக் கட்டடங்களுக்கு நடுவே அந்த வேகம் திடீரென்று வரும். புழுக்கத்தில் மழைக்கோட்டு போட்டால் உள்ளே வியர்வையால் நனைவோம். காலணி மட்டும் இரண்டு ஜோடி கட்டாயம். நனைந்த தோல் காலணி ஓர் இரவில் காயாது. சுற்றுவது ஏசி அறைக்கும் புழுக்க வெளிக்கும் இடையே என்றால், கேமராவை வெளியே எடுக்கும் முன் பையிலேயே கால் மணி நேரம் சூடேற விடவேண்டும், இல்லாவிட்டால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். குளிர் ஊரில் இதுவே தலைகீழ்: வெளியிலிருந்து உள்ளே வரும்போது மூடிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு வரவேண்டும்.

கடைசியாக விமான நேரம். இடிமழை ஊர்களில், முக்கியமாக அமெரிக்கக் கோடையில், காலை முதல் விமானம்தான் பாதுகாப்பு. மேகம் குவிவது பிற்பகலில், அதுவரை சேர்ந்த தாமதம் எல்லாம் மாலை விமானங்களின் தலையில் விடியும். டெல்லி போன்ற மூடுபனி ஊரில் டிசம்பர், ஜனவரியில் நேர்மாறு. விடியற்காலையும் காலையும்தான் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் காத்துக்கிடக்கும். பகல் ஏறியதும் பெரும்பாலும் கலையும். அங்கே பன்னிரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே புறப்படுவதைப் பிடிக்கவேண்டும். வழியில் விமானம் மாறவேண்டியிருந்தால், மாறும் ஊரின் வானிலையையும் போகும் ஊரின் வானிலையைப் போலவே பார்க்கவேண்டும். ஜனவரியில் சிகாகோ வழியாக எங்கோ வெயில் ஊருக்குப் போகிறவர் சிகாகோவின் பனிப்பொழிவுக்கு மூன்று மணி நேரமாவது ஒதுக்கி, இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டில் எடுக்கவேண்டும். தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டபோது மாற்று விமானம் தரவேண்டிய கடமை யாருக்கும் இல்லை.